தேன்சுவை சொட்டாத விடை

பிளஸ் டூ முடிவு வந்த அன்று விருதுநகரில் வீட்டுக்கு வீடு அல்வா கிண்டினார்கள். தவசிலிங்கத்தின் மிளகாய் வத்தல் மண்டியில் மட்டும் யாரும் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவருடைய மகள் சோலைக்கனிக்குக் கணக்கில் நல்ல மார்க், இயற்பியலில் அதைவிட நல்ல மார்க். கடைசியில் 'கவிதை நயம்' என்ற தாளுக்கு நேரே மட்டும் எண்ணே இல்லை. 'நிறுத்திவைக்கப்பட்டது' என்று சிவப்பில் ஒரு சொல் இருந்தது.

பெயிலாகியிருந்தால்கூடப் பரவாயில்லை. பெயிலான பிள்ளையை ஊர் மக்கு என்று சொல்லி இரண்டு நாளில் மறந்துவிடும். நிறுத்திவைத்தார்கள் என்றால் அந்தப் பிள்ளை ஏதோ தில்லுமுல்லு செய்திருக்கிறது என்று அர்த்தம். எதிர்க்கடை பருப்பு வியாபாரி விசாரிக்க வந்தவர், "பிட்டு எதுல வச்சிருந்துச்சாம்?" என்று மிகுந்த அனுதாபத்தோடு கேட்டார். போதாததற்கு, தூத்துக்குடியில் கப்பல் பொறியியல் படிக்கச் சோலைக்கனிக்கு இடம் கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் முழு மார்க் பட்டியலைக் காட்டாவிட்டால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும்.

கவிதை நயம் என்றால் என்னவென்று தமிழ்நாட்டுப் பள்ளியில் படித்த யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. முன்பின் பார்த்திராத ஒரு பாட்டைக் கொடுத்து 'நயம் பாராட்டுக' என்பார்கள். பாராட்டத்தான் சொல்வார்களே தவிர, பாட்டு எப்படி இருக்கிறது என்று யாரும் கேட்க மாட்டார்கள். பொண்ணு பார்க்கப் போன இடத்தில் பஜ்ஜியைப் பற்றிக் கேட்கிற மாதிரிதான். என்ன சொல்ல வேண்டும் என்பது கேள்வியிலேயே இருக்கிறது. முன்பு ஏதோ ஒரு கேள்வியாக இருந்த இது, இப்போது தனித் தாளாகவே வளர்ந்துவிட்டது. இதைத் திருத்துவதற்கென்றே தென்மண்டல மொழித்தேர்வு வாரியம் ஓர் இயந்திரத்தை வைத்திருந்தது. பெயர் நயமணி. அறுபது வருஷத்து விடைத்தாள்களை ஊட்டி வளர்த்த பிள்ளை அது. அந்த விடைத்தாள்களில் பிள்ளைகள் எல்லாப் பாட்டையும் பாராட்டியே இருந்ததால், நயமணிக்கும் பாராட்டைத் தவிர வேறு எதுவும் தெரியாது.

இது தவசிலிங்கத்துக்கு முதல் நாளே அனுபவமானது. வாரியத்தின் குறைதீர்ப்பு எண்ணுக்குக் கூப்பிட்டு, "என்னய்யா பரீட்சை நடத்துறீக? எவன்யா எம் மகளைத் திருடின்னு சொன்னது?" என்று கத்தி வைத்தார். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது.

'மனுதாரர் தம் உள்ளக் குமுறலைப் படிப்போர் நெஞ்சம் உருகும் வண்ணம் எடுத்துரைக்கிறார். என்னய்யா, எவன்யா, எம் மகள் ஆகிய சொற்களில் மோனை நயம் கொஞ்சி விளையாடுகிறது. தேன்சுவை சொட்டச் சொட்ட இம்மனுவை யாத்த மனுதாரர் பாராட்டுக்குரியவர்.'

குறைதீர்ப்பும் நயமணியின் பொறுப்புதான் என்பதை அவர் பிறகே தெரிந்துகொண்டார்.

அன்று சாயங்காலம் தமிழாசிரியை மரகதவல்லி மண்டிக்கு வந்தார். நல்ல மனுஷி. அவரிடம் படித்து நயம் தாளில் தேறாதவர்கள் கிடையாது. காரணம், அவர் வருஷத் தொடக்கத்திலேயே பிள்ளைகளுக்கு ஓர் அட்டை கொடுத்துவிடுவார். எந்தப் பாட்டுக்கும் பொருந்துகிற விடை அதில் இருக்கும். கெட்டிக்காரப் பிள்ளைகள் பரீட்சையில் முதலில் விடையை எழுதிவிட்டு, நேரம் மிஞ்சினால் பாட்டைப் படிப்பார்கள்.

"என்னதான் எழுதித் தொலைச்ச கனி?" என்றார்.

"பாட்டைப் பத்தி எழுதினேன் மிஸ்."

"அட்டையில இருக்கறதை எழுதலையா?"

"எதுக்கும் பொருந்தும்னு சொன்னீங்க. இதுக்குப் பொருந்தலை மிஸ்."

மரகதவல்லி வினாத்தாளை வாங்கிப் பார்த்தார். மழையைப் பற்றிய பாட்டு. அடியில் 'பெயர் அறியாப் புலவர்' என்று போட்டிருந்தது.

வான மங்கை முத்துகள் சிந்த
மண்ணின் மங்கை மகிழ்ந்து சிரித்தாள்;
தேனாய் இனிக்கும் தென்றல் வந்து
தெருவெங்கும் தாலாட்டுப் பாடியது;
பேச்சை முறித்த இருவர் இன்று
பெட்டிக்கடைக் கூரைக்கீழ் ஒட்டி நின்றார்;
ஆகா இயற்கை அன்னை அருளே!
அனைவரும் போற்றி வாழ்ந்திடுவோமே!

"நல்லாத்தானே இருக்கு?" என்றார் ஆசிரியை, பழக்கதோஷத்தில். பிறகு இன்னொரு தடவை படித்தார். "சரி, நல்லா இல்லைன்னே வச்சுக்குவோம். அதைப் போயி எழுதுவாங்களா?"

மறுநாள் மூன்று பேரும் மதுரைக்குக் கிளம்பினார்கள். பஸ்ஸில் டிரைவர் கிடையாது. பஸ் தானாகவே ஓடும். ஆனால் கண்டக்டர் இருந்தார், அவரை எடுத்துவிட எந்த அரசாங்கத்துக்கும் துணிச்சல் வரவில்லை. வழியெல்லாம் தவசிலிங்கம் வாயைத் திறக்கவில்லை. பெரிய பேரத்துக்குப் போகும்போது அவர் அப்படித்தான். சரக்கு கைமாறும் வரை குரலைச் செலவு செய்ய மாட்டார்.

வாரியத்தின் துணைப் பதிவாளர் பெயர் அருமைநாயகம். ஓய்வுக்குப் பக்கத்தில் வந்துவிட்ட மெலிந்த மனிதர். மேசையில் ஒரு தட்டையான ஒலிபெருக்கி இருந்தது, அதுதான் நயமணியின் வாய். அவர்கள் உட்கார்ந்ததும் அது, "மூவரும் வரிசையாக அமர்ந்த அழகில் ஓசை நயம் காணக்கிடக்கிறது" என்றது. அருமைநாயகம் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை.

"நீதானா சோலைக்கனி?" என்று கேட்டார். கொஞ்ச நேரம் அவளையே பார்த்தார்.

"எம் மக என்ன தப்பு செஞ்சா, அதைச் சொல்லுங்க சார்" என்றார் தவசிலிங்கம்.

"தப்பு இல்லீங்க. இவ எழுதினதை மதிப்பிட நயமணிக்குத் தெரியலை. அது படிச்ச விடைத்தாள் எதுலயும் 'இந்தப் பாட்டு நல்லா இல்லை'ன்னு ஒரு பிள்ளைகூட எழுதினதில்ல."

"அப்ப இத்தனை வருஷமா வந்த பாட்டு எல்லாம் நல்ல பாட்டா?"

"அப்படி இல்லீங்க. இத்தனை வருஷமா வந்த பிள்ளைங்க எல்லாம் நல்ல பிள்ளைங்க."

"காப்பி அடிச்சான்னு ஊரே பேசுது சார். மத்த பிள்ளைக எல்லாம் எழுத்துக்கு எழுத்து ஒண்ணு போல எழுதியிருக்காக. எம் மக ஒருத்திதான் வேற மாதிரி எழுதியிருக்கா. எது சார் காப்பி?"

"மத்தவங்க எழுதினது பாடத்திட்டம்" என்றார் அருமைநாயகம். சொன்ன பிறகு அவருக்கே லேசாகச் சிரிப்பு வந்தது போலிருந்தது. "இவ எழுதினதைச் சொல்றேன், கேளுங்க."

அவர் விடைத்தாள் தெரிந்த திரையைப் பார்க்கவில்லை. சன்னலைப் பார்த்தபடி சொன்னார்:

"'இந்த மழை எந்த ஊரில் பெய்தது என்று தெரியவில்லை. எங்கள் ஊரில் மழை வந்தால் யாரும் தாலாட்டுக் கேட்பதில்லை. களத்தில் காயும் வத்தலை மூடத் தார்ப்பாயோடு ஓடுவார்கள். தென்றல் அடித்துக்கொண்டிருக்கும்போது முத்து முத்தாக மழை பெய்யாது. எழுதியவர் நனைந்ததே இல்லை. ஆனால் ஐந்தாவது, ஆறாவது வரிகளை எழுதியவர் வேறு யாரோ. அவர் நனைந்திருக்கிறார். பேச்சை முறித்தவர்கள் ஒட்டி நின்றார்கள் என்கிறார். யார் அவர்கள்? என்ன சண்டை? கையில் சரக்கு இருக்கும்போது அதை விட்டுவிட்டு ஏன் இயற்கை அன்னையைத் தேடிப் போனார்? இந்த இரண்டு வரியை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன். மற்றது வேண்டாம்.'"

மரகதவல்லி மகளைப் பெற்றவள் போல் ஒரு கணம் பெருமைப்பட்டு, ஆசிரியையாக உடனே கவலைப்பட்டார்.

"ஏம்மா, புலவரைப் போயி நனையலைன்னு எழுதலாமா?" என்றார் அருமைநாயகம்.

"எங்க மண்டியில அப்படித்தான் சார்" என்றாள் சோலைக்கனி. "வாங்க வர்றவர் வத்தலைக் கிள்ளிப் பார்த்துட்டு, நிறம் கம்மி, காம்பு நீளம், ஈரம் இருக்குன்னு ஆயிரம் சொல்வார். அவர்தான் வாங்குவார். 'அருமையான வத்தல் அண்ணாச்சி'ன்னு சொல்றவர் அப்படியே டீ குடிக்கப் போயிருவார். திரும்பி வரவே மாட்டார்."

"சரி, எம்பது போடுங்க. முடிச்சுக்குவோம்" என்றார் தவசிலிங்கம், வந்த காரியத்தில் கண்ணாக.

"இது மண்டி இல்லீங்க."

"மண்டியா இருந்தா இந்நேரம் முடிஞ்சு சாப்பிடப் போயிருப்போம்."

அருமைநாயகம் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்து வைத்தார். "எளிய வழி ஒண்ணு இருக்கு. மறுவாய்ப்புன்னு விதி இருக்கு. இப்பவே இங்கயே வேற ஒரு விடை எழுதிக் குடுத்துரு. நயமணிக்குத் தெரிஞ்ச மாதிரி. தொண்ணூத்தஞ்சு விழும். கையோட மார்க் பட்டியல்."

"கையால போட முடியாதா சார்? இவ எழுதினதுக்கே?" என்று கேட்டார் மரகதவல்லி.

"போடலாம். என் கையெழுத்துல, காரணம் எழுதிப் போடணும். நயம் தாளைக் கையால திருத்தி எத்தனையோ வருஷமாச்சு டீச்சர். இவ எழுதினது விடைன்னு நான் எழுதினா, அப்ப மத்தவங்க எழுதினது என்னன்னு மேல இருந்து கேப்பாங்க. எட்டு லட்சம் பிள்ளைங்க."

"எட்டு லட்சம் என்னும் சொல்லாட்சி..." என்று தொடங்கிய நயமணி யாரும் கவனிக்காததால் நிறுத்திக்கொண்டது.

இந்த இடத்தில் சோலைக்கனி தாளைக் கிழித்தெறிந்துவிட்டு எழுந்து போனாள் என்று எழுதினால் எனக்குக் கைதட்டல் கிடைக்கும். அவள் வியாபாரி மகள். தூத்துக்குடியில் கப்பல் காத்திருக்கிறது. "எழுதிடறேன் சார்" என்று பேனாவை எடுத்தாள். "ஆனா எனக்கு அட்டை மனப்பாடம் இல்லை. மிஸ்தான் சொல்லணும்."

மரகதவல்லி சொன்னார். அவருக்கு அட்டை தேவையில்லை. "'இக்கவிதையைப் படைத்த கவிஞர் தம் உள்ளத்து உணர்வுகளைத் தேன்சுவை சொட்டச் சொட்ட...'"

"ரெண்டு சொட்டவா மிஸ்?"

"ரெண்டு. '...எடுத்துரைக்கும் பாங்கு போற்றத்தக்கது. சொல்லுக்குச் சொல் சுவை, வரிக்கு வரி வனப்பு...'"

"சிறப்பு. மிகச் சிறப்பு" என்று ஒவ்வொரு வரிக்கும் நயமணி குரல் கொடுத்தது. அருமைநாயகம் அந்தப் பேனா ஓடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். உயரத்திலிருந்து எதுவோ விழப்போவதைத் தடுக்கவும் முடியாமல் பார்க்காமல் இருக்கவும் முடியாமல் நிற்கிறவரின் முகம் அது.

'கவிஞரின் உள்ளம்' என்ற பத்தி வந்ததும் சோலைக்கனி நிறுத்தினாள்.

"சார், எழுத வேண்டியதை எழுதிடறேன். மார்க்குக்காகக் கேக்கலை. அந்தப் புலவரை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்தானே? கூரைக்குக் கீழ நின்ன ரெண்டு பேரு யாருன்னு கேட்டுச் சொல்ல முடியுமா?"

அருமைநாயகம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். துடைக்க ஒன்றுமில்லாத கண்ணாடியைத் துடைத்தார்.

"எங்க அப்பாவும் எங்க சித்தப்பாவும்" என்றார்.

தவசிலிங்கம் நிமிர்ந்து உட்கார்ந்தார். மரகதவல்லிக்குப் புரியவில்லை. "பாட்டு நீங்க எழுதினதா சார்?"

"இல்லை டீச்சர், நயமணி எழுதினது. இது வெளிய தெரியக் கூடாது, இருந்தாலும் சொல்றேன். எந்தப் பாட்டைப் போட்டாலும் அதுக்கு முன்னாடியே கடையில உரை வந்துருது. அதனால பரீட்சைக்குன்னே நயமணி புதுசாப் பாட்டு கட்டும். ஆயிரக்கணக்குல கட்டும். நான் ஒண்ணைப் பொறுக்கி எடுப்பேன். அதுக்குத் தெரிஞ்சது அந்தப் பழைய விடைத்தாளுங்கதான். அதுல இருந்து பிச்சுப் பிச்சுத்தான் கட்டும். அதுல என்னோட விடைத்தாளும் ஒண்ணு."

"நீங்க எழுதின பரீட்சையா?"

"பிளஸ் டூ. மழையைப் பத்தி ஏதோ பாட்டு குடுத்து நயம் பாராட்டச் சொல்லியிருந்தாங்க. எனக்குப் பாராட்ட வரலை. மழைன்னதும் எங்க வீட்டுச் சண்டை ஞாபகம் வந்துச்சு. பக்கத்துப் பக்கத்து வீடு, வருஷக்கணக்காப் பேச்சில்லை. ஒருநாள் மழைக்கு ரெண்டு பேரும் ஒரே கடையில ஒதுங்கிட்டாங்க. இடம் பத்தாம சித்தப்பா எங்க அப்பா தோளைப் பிடிச்சுக்கிட்டு நின்னாரு. நான் எதிர்ப்பக்கம் நின்னு பார்த்தேன். அதை ரெண்டு வரியா எழுதிட்டேன். திருத்தினவரு குறுக்கே கோடு போட்டு 'வினாவுக்குத் தொடர்பில்லை'ன்னு எழுதிட்டாரு. அந்த மார்க் போனதுல தமிழ்ல பெயில். மறுகூட்டலுக்குப் போட்டு நகல் வாங்கிப் பார்த்தேன். அடுத்த தடவை எல்லாரும் எழுதறதை எழுதிப் பாஸ் பண்ணேன். அதுக்கப்புறம் நான் எழுதினது எல்லாம் சுற்றறிக்கைதான்."

அவர் சிரிக்க முயன்றார். வரவில்லை.

"இந்த வருஷம் பொறுக்கும்போது இந்தப் பாட்டு வந்துச்சு. நடுவுல அவங்க ரெண்டு பேரும் நிக்கிறாங்க. மிச்ச வரியெல்லாம் எப்படின்னு எனக்கும் தெரியும். யாராவது அவங்களைப் பார்க்கறாங்களான்னுதான் இதையே எடுத்தேன்."

"எத்தனை பேரு பார்த்தாங்க?" என்றார் மரகதவல்லி மெதுவாக.

அருமைநாயகம் சோலைக்கனியைப் பார்த்தார்.

"நயமணிக்கு மதிப்பிடத் தெரியலைன்னு சொன்னது பொய்யி. அது கண்ணிமைக்கறதுக்குள்ள சைபர் போட்டுருச்சு. நான்தான் நிறுத்திவச்சேன். எழுதின பிள்ளையை ஒரு தடவை பார்த்துடணும்னு தோணுச்சு."

தவசிலிங்கத்தின் முகம் சிவந்தது. "நீங்க பார்க்கறதுக்காக எம் மக ஊருல திருடிப் பட்டம் சுமந்தாளா? நேத்து முழுக்க அந்தப் பிள்ளை வாசலுக்கு வரலை சார். தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாது" என்றார் அருமைநாயகம். "தப்புதான். மன்னிச்சுக்கங்க."

வியாபாரத்தில் எதிராளி இவ்வளவு சீக்கிரம் இறங்கி வருவது தவசிலிங்கத்துக்குப் பழக்கமில்லை. மேற்கொண்டு கத்துவதற்குத் தயாராக வைத்திருந்ததை எல்லாம் விழுங்கிவிட்டு, "அப்ப மேக்கொண்டு ஆக வேண்டியதைப் பாருங்க" என்றார்.

அருமைநாயகம் அட்டை விடை எழுதிய தாளை அவளிடமிருந்து வாங்கி மடித்து ஓரமாக வைத்தார். பிறகு கைத்திருத்தப் படிவத்தைத் திறந்தார். காரணம் என்ற கட்டத்துக்கு நேரே பேனாவைக் கொண்டு போனார். எழுதினார். நிறுத்தினார்.

"என்ன சார் எழுதியிருக்கீங்க?" என்று எட்டிப் பார்த்தார் மரகதவல்லி.

"'இம்மாணவி தம் உள்ளத்து உணர்வுகளைத் தேன்சுவை சொட்ட...'" என்று படித்த அருமைநாயகம் தலையில் அடித்துக்கொண்டார். "கை தானா அங்க போயிருது டீச்சர். நீங்க சொல்லுங்களேன்."

மரகதவல்லி யோசித்தார். வாயைத் திறந்தார். அவருக்கும் முதலில் வந்தது 'பாங்கு போற்றத்தக்கது'தான். மூடிக்கொண்டார்.

"இதுக்குப் போயி இவ்வளவு யோசனையா?" என்றார் தவசிலிங்கம். "பாட்டைப் படிச்சிருக்கான்னு எழுதுங்க. அம்புட்டுத்தானே அவ செஞ்சது?"

அருமைநாயகம் அடித்துவிட்டு எழுதினார். 'மாணவி பாடலைப் படித்திருக்கிறார்.' கீழே கையெழுத்துப் போட்டார்.

"மேல இருந்து கேப்பாங்களே சார், அப்ப எட்டு லட்சம் பேரும் படிக்கலையான்னு?" என்றார் மரகதவல்லி.

"கேப்பாங்க."

"என்ன சொல்வீங்க?"

"எட்டு லட்சம் பேரும் நீங்க கேட்டதைத்தான் எழுதியிருக்காங்க, அவங்க மார்க்குல கை வைக்காதீங்கன்னு சொல்வேன். அடுத்த வருஷத்துல இருந்து வேற கேள்வி கேளுங்கன்னும் சொல்வேன். ஓய்வு பெறப் போற நேரத்துல ஒரு விளக்கக் கடிதம் கேட்டா, எழுதிக் குடுத்துட்டுப் போறேன். ரொம்ப நாளாச்சு, நானா எதையாவது எழுதி."

மார்க் கட்டத்தில் எழுபது என்று போட்டார். தவசிலிங்கம் அதைத் தலைகீழாகவே படித்துவிட்டார். "எழுபத்தஞ்சாப் போடுங்க சார், ரெட்டை மனசா இருக்க வேணாம்."

"எழுபது போதும்ப்பா" என்றாள் சோலைக்கனி. "நான் பாட்டுல பாதிக்கு மேல வேணாம்னு தள்ளியிருக்கேன்."

"வியாபாரி மகளா இது?" என்று தவசிலிங்கம் கூரையைப் பார்த்துக் கேட்டார்.

மார்க் பட்டியல் அவருடைய செல்போனில் வந்து விழுந்தது. சிவப்புச் சொல் போய்விட்டிருந்தது. அவர் அதை உடனே எதிர்க்கடை பருப்பு வியாபாரிக்கு அனுப்பி வைத்துவிட்டு எழுந்தார். மரகதவல்லியும் பையை எடுத்துக்கொண்டார். சோலைக்கனி மட்டும் எழுந்திருக்கவில்லை.

"அவங்களுக்குள்ள என்ன சண்டை சார்?"

"எனக்குத் தெரியாதும்மா. அவங்களுக்கே ஞாபகம் இருந்துச்சான்னு தெரியலை. மழை விட்டதும் சித்தப்பா தோள்ல இருந்து கையை எடுத்தாரு. ரெண்டு பேரும் தெருவுல இறங்கி, விட்ட இடத்துல இருந்து மறுபடி ஆரம்பிச்சுட்டாங்க."

சோலைக்கனி சிரிக்கவில்லை. "இதை ஏன் சார் எழுதாம விட்டீங்க? இங்கதானே இருக்கு எல்லாம்."

"எழுதத்தான் போனேன். மணி அடிச்சுப் பேப்பரை வாங்கிட்டாங்க."

"இப்ப யாரும் அடிக்கலையே."

அவர் மேசையில் ஓரமாக மடித்து வைத்திருந்த தாளைப் பார்த்தார். அதன் பின்பக்கம் காலியாக இருந்தது. திருப்பி வைத்துக்கொண்டு, 'மழை விட்டதும்' என்று எழுதினார். "ஆகா, தேன்சுவை..." என்று நயமணி ஆரம்பித்தது. அருமைநாயகம் ஒலிபெருக்கியின் சுவிட்சை அணைத்தார்.

"எழுதி முடிச்சா உனக்கு அனுப்பறேன்" என்றார், தலை நிமிராமல். "இதே மாதிரி குறை சொல்லுவியா?"

வாசலுக்குப் போய்விட்டவள் திரும்பிப் பார்த்தாள்.

"நல்லா இருந்தாத்தான் சொல்லுவேன் சார்."